திருச்சியிலிருந்து திருவையாறு: சைக்கிளுக்கு எந்தச் சாலை?

ஞாயிற்றுக்கிழமை காலை நான்கு மணி நேரம் கையில் இருக்கிறது. ரோடு பைக் (மெல்லிய டயர் போட்ட வேகச் சைக்கிள்) இருக்கிறது. லாரிச் சத்தம் இல்லாமல் ஓட்டிவிட்டு வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்ப வேண்டும். திருச்சிக்காரருக்கு இதற்குக் கிழக்குதான் திசை. கல்லணையில் தொடங்கும் டெல்டாவில் ஏற்றம் கிடையாது, ஆற்றோரம் நிழல் உண்டு, ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு டீக்கடையாவது வந்துவிடும். சாலைகள் மட்டும் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. தஞ்சை நெடுஞ்சாலை, காவிரிக் கரையோரச் சாலை, புதாற்றுக் (கல்லணைக் கால்வாய்) கரை, ஊருக்குள் ஊராகப் போகும் ஊராட்சிச் சாலைகள் என்று நான்கு விதம். இவற்றில் எதை எடுப்பது என்பதைச் சாலையின் அகலம், பருவம், உங்கள் டயர் மூன்றையும் வைத்து முடிவு செய்ய வேண்டும்.

முதலில் அகலம். வண்டி குறைவாக வந்தால் போதும், அது நல்ல சாலை என்றே பலரும் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. கிராமச் சாலைகளில் பெரும்பாலானவை 3.75 மீட்டர் தார் போட்டவை, சில இடங்களில் 3 மீட்டர்தான். ஒரு பஸ்ஸின் அகலம் இரண்டரை மீட்டர். மிச்சம் ஒன்றேகால் மீட்டர். ஹேண்டில்பார் 42 சென்டிமீட்டர், தார் விளிம்பிலிருந்து நீங்கள் தள்ளி ஓட்டும் இடம் 30 சென்டிமீட்டர். இவை போக, பஸ்ஸுக்கும் உங்கள் முழங்கைக்கும் இடையே அரை மீட்டர்தான் எஞ்சும். அதுவும் பஸ்ஸின் அந்தப் பக்கச் சக்கரம் தாரின் கடைசியில் ஓடினால்தான். ஆகவே 3.75 மீட்டர் சாலையில் பஸ் வந்தால் யாராவது ஒருவர் தாரை விட்டு இறங்கியே ஆக வேண்டும், அது சைக்கிள்காரர்தான். 5.5 மீட்டர் சாலையில் இந்தச் சிக்கல் இல்லை. பஸ் ஒன்றரை மீட்டர் விட்டு நிம்மதியாகக் கடந்து போகும். ஒரு மணி நேரத்தில் இருபது வண்டி வரும் 5.5 மீட்டர் சாலை, ஐந்தே வண்டி வரும் 3.75 மீட்டர் சாலையைவிட ஓட்டுவதற்கு அமைதியானது.

அளக்க டேப் வேண்டாம். ரோடு பைக்கின் முழு நீளம் ஏறத்தாழ 1.7 மீட்டர். சாலையில் குறுக்காக வைத்துப் பாருங்கள். இரண்டு சைக்கிளுக்குச் சற்று மேல் என்றால் ஒற்றைத் தடம், மூன்றுக்குச் சற்று மேல் என்றால் 5.5 மீட்டர், நான்கு என்றால் 7 மீட்டர் இருவழி. கிலோமீட்டர்க் கல்லும் சொல்லும். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, ஆரஞ்சு என்றால் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டது. ஆரஞ்சுக் கல் பார்த்தால் ஒற்றைத் தடம் என்று மனதில் வைத்துக்கொண்டே உள்ளே போகலாம்.

நெடுஞ்சாலை

திருச்சி–தஞ்சை தேசிய நெடுஞ்சாலை 83-ஐப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. நான்கு வழி, நல்ல தார், 28 மி.மீ. அகல டயரில் பறக்கலாம். பயிற்சிக்காக ஒரே வேகத்தில் 40 நிமிடம் மிதிக்க வேண்டும் என்பவருக்கு அதிகாலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை பயன்படும். ஆனால் துவாக்குடிப் பக்கம் தொழிற்சாலைப் பகுதியின் வண்டிகள் உள்ளே வெளியே திரும்பிக்கொண்டே இருக்கும். ஓரத்தில் லாரி டயர் வெடித்து உதிர்ந்த எஃகுக் கம்பி நூல்கள் கிடக்கும். முடியைவிடச் சற்றுத் தடிமனான இந்தக் கம்பி டயருக்குள் நுழைந்தால் கண்ணுக்கே தெரியாது. டியூப் மாற்றி இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் மறுபடியும் காற்று இறங்கும். எதிர்த்திசையில் ஓரமாக வரும் பைக்குகளும் உண்டு. அமைதியைத் தேடிப் போகிறவருக்கு இது வழியே அல்ல. மழையில் மாட்டிக்கொண்டால் திரும்பி வரும் வழி, அவ்வளவுதான்.

காவிரிக் கரையோரச் சாலை

திருவானைக்காவலில் தொடங்கி உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகக் கல்லணை. அங்கிருந்து தோகூர், கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி, நடுக்காவேரி, கண்டியூர், திருவையாறு. ஒரு வழி 45 கிலோமீட்டரை ஒட்டி வரும். திருக்காட்டுப்பள்ளியிலேயே திரும்பினால் போய்வர ஏறத்தாழ 55. நான்கு வழிகளில் நாங்கள் முதலில் வைப்பது இதைத்தான்.

காரணம் எளிது. நெடுந்தூர லாரியும் காரும் நெடுஞ்சாலையில் போய்விடுகின்றன. இந்தச் சாலையில் ஓடுவது உள்ளூர் டவுன் பஸ், பைக், வாழைத்தார் ஏற்றிய சின்ன வண்டி, டிராக்டர். ஓட்டுநர்களுக்கு வளைவு தெரியும், ஆடு குறுக்கே வரும் என்று தெரியும், அதனால் சைக்கிளுக்கும் நின்று வழிவிடுவார்கள். வழியெங்கும் ஊர் இருப்பதால் பஞ்சர் கடை, டீக்கடை, தண்ணீர் எல்லாம் கிடைக்கும். மிதிக்க ஒரு சீரான லயமும் அமையும். ஆறு வளைகிற இடத்தில் சாலையும் வளையும், எந்த வளைவும் பிரேக் பிடிக்க வேண்டிய அளவுக்குக் கூர்மையில்லை.

குறைகளும் உண்டு, அவற்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. முதலாவது வெயில். அதுவும் சூட்டைச் சொல்லவில்லை, ஒளியைச் சொல்கிறோம். ஆறரை மணிக்குக் கிழக்கே ஓட்டும்போது சூரியன் நேராகக் கண்ணில் இருக்கும். உங்களுக்குப் பின்னால் வரும் பஸ் ஓட்டுநருக்கும் அதே சூரியன்தான், கண்ணாடியில் தூசி வேறு. அவருக்கு நீங்கள் ஒரு கறுப்புக் கோடாகத்தான் தெரிவீர்கள், சில நேரம் அதுவும் தெரியாது. பகலிலும் பின்விளக்கை மினுக்கவிட வேண்டியது இந்த அரை மணி நேரத்துக்காகத்தான். ஐந்தரைக்குக் கிளம்பிச் சூரியன் எழும் வேளையில் கல்லணையில் நின்று தண்ணீர் குடித்துவிட்டு, அது மரத்துக்கு மேல் ஏறியபின் தொடர்வது இன்னும் நல்லது. இருட்டில் கிளம்புவதானால் முன்விளக்கு 300 லூமனுக்குக் குறையக் கூடாது. தெருவிளக்கு ஊருக்குள் மட்டும்தான்.

இரண்டாவது, வெள்ளை அடிக்காத வேகத்தடை. பள்ளிக்கூடம், கோயில், ஊர் எல்லை மூன்றையும் பார்த்தால் வேகத்தடை இருக்கிறது என்றே எண்ணி ஹேண்டிலை இறுக்கிப் பிடிக்கவும். மூன்றாவது, பாலங்கள். திருவையாற்றிலிருந்து தஞ்சாவூருக்குத் திரும்பினால் காவிரி, குடமுருட்டி, வெட்டாறு, வெண்ணாறு, வடவாறு என்று ஐந்து ஆறு தாண்ட வேண்டும். பாலத்தின் இணைப்பு இடைவெளியில் இரும்புப் பட்டை மேலே தூக்கியிருந்தால் 25 மி.மீ. டயர் அதில் அடிபட்டு டியூப்பில் இரட்டை ஓட்டை விழும், பாம்பு கடித்த மாதிரி அருகருகே. அந்தப் பட்டையைச் செங்குத்தாகக் கடக்க வேண்டும், சரிவாக ஒருபோதும் கூடாது. கடக்கும் நொடியில் சீட்டிலிருந்து இடுப்பைச் சற்றுத் தூக்கிவிட்டால் பின்சக்கரம் பிழைக்கும்.

கல்லணை சுற்றுலா இடம் என்பதை மறக்க வேண்டாம். ஆடிப்பெருக்கு, காணும் பொங்கல் நாட்களில் அந்தப் பக்கமே போகக் கூடாது. சாதாரண ஞாயிற்றுக்கிழமையிலும் ஒன்பதுக்கு மேல் கார்கள் வந்து குவியும். அதற்குள் திரும்பும் வழியில் அணையைத் தாண்டியிருக்க வேண்டும்.

புதாற்றுக் கரை

கல்லணைக் கால்வாய் என்று ஆவணங்களில் இருப்பதை ஊரில் புதாறு என்பார்கள். மேட்டூர் அணையோடு சேர்த்து 1934-இல் முடிந்த வேலை. மற்ற ஆறுகள் தாமாக வளைந்து ஓடியவை, இது மனிதர் வெட்டியது. பூதலூர் தாண்டித் தஞ்சைப் பெரிய கோயிலை ஒட்டிப் போய், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை என்று தெற்கே இறங்கும். கரைமேல் ஏறிவிட்டால் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் கீழே வயல். ஓடும் தண்ணீர், மடையான், தொலைவில் ஒரு மோட்டார் இவற்றின் சத்தம்தான் காதில் விழும். அமைதி என்று பார்த்தால் நான்கிலும் இதற்கே முதலிடம்.

ஆனால் கரை என்பது சாலைக்காக ஏற்பட்டது அல்ல. நீர்வளத் துறை ஆட்கள் மதகைப் பார்க்கவும் கரையைப் பராமரிக்கவும் போட்ட பாதை அது. ஒரு நீளம் தார், அடுத்த நீளம் செம்மண் கிராவல், அதற்கடுத்து வெறும் மண் என்று மாறிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு மதகிலும் கான்கிரீட் மேடை அரை அடி எழும்பி நிற்கும். கரைச்சரிவில் சீமைக் கருவேலம் அடர்ந்திருக்கும், ஆட்டுக்காரர்கள் வெட்டிப்போட்ட கிளையின் முள் பாதையெங்கும் கிடக்கும். ஒதுங்க இடமில்லாத இடத்தில் எதிரே டிராக்டர் வந்தால் ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் பள்ளம். தூரத்தில் பார்த்ததுமே அகலமான இடமாகப் பார்த்து நின்று, வயல் பக்கமாக ஒதுங்கிக் காலை ஊன்றிக்கொள்ளுங்கள். ஆற்றுப் பக்கம் ஒதுங்கவே கூடாது. கால்வாய் நிறைய ஓடும்போது சரிவு வழுக்கும், விழுந்தால் ஏறிவரப் பிடிமானம் இருக்காது.

32 மி.மீ.க்குக் குறைவான டயருடன் இங்கே வராதீர்கள். முதல் தடவை தனியாகவும் வர வேண்டாம். பல கிலோமீட்டருக்கு வீடு இல்லாத இடங்கள் இருக்கின்றன.

ஊராட்சிச் சாலைகள்

ஊராட்சிச் சாலைகளை வரைபடத்தில் பார்த்தால் ஆசை வரும். பூதலூருக்கும் திருக்காட்டுப்பள்ளிக்கும் நடுவில் எத்தனை மெல்லிய கோடுகள்! அவற்றில் கால்வாசி களத்துமேட்டில் போய் முடியும். கிளம்புவதற்கு முன் செயற்கைக்கோள் படத்தில் பெரிதாக்கிப் பாருங்கள். சீரான சாம்பல் நிறம் தார், பழுப்பும் செம்மையும் மண். சைக்கிள்காரர்கள் போன தடங்களைக் காட்டும் ஸ்ட்ராவா செயலியின் ஹீட்மேப்பில் கோடு மங்கலாகவாவது தெரிந்தால் யாரோ சைக்கிளில் போயிருக்கிறார்கள் என்று பொருள். கோடே இல்லையென்றால் காரணம் இருக்கும்.

இங்கே காலை எட்டிலிருந்து ஒன்பதேகால் வரை பள்ளி வேன் நேரம். வேன்காரர்கள் அவசரத்தில் இருப்பார்கள், சாலை ஒற்றைத் தடம். ஞாயிற்றுக்கிழமையில் அந்தத் தொல்லை இல்லை. மினி பஸ்ஸுக்கு ஒதுங்க இறங்கும்போது தாரின் விளிம்பைப் பாருங்கள். மழைக்குப் பின் ஓரமண் அரித்து, தாருக்கும் மண்ணுக்கும் நாலு விரல் உயர வித்தியாசம் இருக்கும். ஓட்டிக்கொண்டே இறங்கிவிடலாம், மறுபடி ஏறும்போதுதான் முன்சக்கரம் விளிம்பை உரசியபடி சறுக்கி ஆளைத் தள்ளும். கிராமச் சாலையில் விழுகிறவர்கள் பலர் இப்படித்தான் விழுகிறார்கள். இறங்கினால் நின்றுவிட வேண்டும், சக்கரத்தைத் தூக்கி வைத்துத்தான் மேலே ஏற வேண்டும்.

நாய்கள் ஊர் எல்லையில் துரத்தும். வேகமாக மிதித்துத் தப்புவது நேர்ச்சாலையில் மட்டும் நடக்கும். இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு, குரல் கொடுத்தபடி நடந்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். கடித்தால், சிறு கீறலானாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

நெல்லும் வைக்கோலும்

சாலையைத் தேர்ந்தெடுப்பதில் பாதி, மாதத்தைத் தேர்ந்தெடுப்பதுதான். வழக்கமான ஆண்டில் மேட்டூர் ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடும். திறப்பதற்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் தூர்வாரும் வேலை நடக்கும். அப்போது புதாற்றுக் கரையில் பொக்லைனும் டிப்பரும்தான் இருக்கும், சைக்கிளுக்கு இடமில்லை. ஜூன் கடைசியில் உழவு தொடங்கியதும் கேஜ் வீல் (சேற்று வயலுக்கான இரும்புக் கூண்டுச் சக்கரம்) மாட்டிய டிராக்டர் வயலிலிருந்து ஏறி ஊராட்சிச் சாலையில் சேற்றுக் கட்டிகளைக் கொட்டிக்கொண்டே போகும். ஈரமாக இருந்தால் சோப்பு மாதிரி வழுக்கும், காய்ந்துவிட்டால் செங்கல்தான். சக்கர விளிம்பைப் பிடிக்கும் ரிம் பிரேக் வண்டியில் பிரேக்குக்கும் டயருக்கும் இடையே சேறு அடைத்துச் சக்கரமே நின்றுவிடும்.

அறுவடைக் காலம், அதாவது குறுவைக்குச் செப்டம்பர், அக்டோபர், சம்பா தாளடிக்கு ஜனவரி, பிப்ரவரி. களம் போதாமல் சாலையில் நெல் காயும். பாதிச் சாலையில் நெல், ஓரத்தில் வண்டி ஏறாமலிருக்க வரிசையாகக் கல். நெல்லை அள்ளிப் போனபின் கல் மட்டும் அங்கேயே கிடக்கும், இருட்டில் தெரியாது. இந்த மாதங்களில் ஊராட்சிச் சாலைக்கு விடியுமுன் போகாமல் இருப்பது நல்லது. நெல்மேல் சைக்கிளை ஏற்றவே கூடாது. தார்மேல் கிடக்கும் காய்ந்த நெல் சக்கரத்துக்கடியில் உருளும் என்பது ஒரு காரணம். ஆறு மாத உழைப்பின்மேல் சக்கரம் ஓட்டுவது முறையல்ல என்பது அதைவிடப் பெரிய காரணம். சாலை முழுவதும் பரப்பியிருந்தால் இறங்கி ஓரமண்ணில் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான்.

வைக்கோல் இன்னொரு விதம். நீளமான தாள் பின்சக்கரத்துப் பல்சக்கரத்தில் சுற்றி, கியர் மாற்றும்போது சங்கிலியை நகர்த்தும் டிரெய்லியருக்குள் இழுபடும். சரசரவென்று சத்தம் கேட்டதும் மிதிப்பதை அந்த நொடியே நிறுத்துங்கள். இன்னும் இரண்டு மிதி மிதித்தால் டிரெய்லியர் ஆரக்காலுக்குள் போய், அதைத் தாங்கும் ஹேங்கர் வளையும் அல்லது உடையும். பின்சக்கரத்தைத் தூக்கி, பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, தாளைக் கையால் உருவ வேண்டும். ஹேங்கர் ஒவ்வொரு மாடலுக்கும் வேறு, கிராமத்தில் கிடைக்காது. பையில் ஒன்று போட்டுக்கொள்வது புத்திசாலித்தனம்.

காற்றையும் கணக்கில் எடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மேல்காற்று பலமாக வீசும். கிழக்கே போகும்போது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் வந்து, நம் கால்தான் பலமாகிவிட்டது என்று தோன்றும். திரும்பும்போது அதே உழைப்புக்கு 20-ஐத் தாண்டாது, வெயிலும் ஏறியிருக்கும். இந்த மாதங்களில் திருக்காட்டுப்பள்ளியிலேயே திரும்பிவிடுங்கள். தஞ்சையிலோ கும்பகோணத்திலோ இருப்பவருக்கு இது நேர் எதிர். போகும்போது காற்றை முகத்தில் வாங்கிக்கொண்டு, திரும்பும்போது முதுகில் ஏற்றி வரலாம்.

டயரும் காற்றும்

70 கிலோ எடையுள்ளவர், 10 கிலோ சைக்கிள், உள்ளே டியூப் என்று வைத்துக்கொண்டால் 25 மி.மீ.க்கு 85–90 பிஎஸ்ஐ, 28-க்கு 70–75, 32-க்கு 55–60, 38-க்கு 40 சுற்றி. பின்சக்கரத்தில் ஐந்து கூட. ஹூக்லெஸ் ரிம் (டயரைப் பிடிக்கும் உள்விளிம்புக் கொக்கி இல்லாதது) என்றால் 72.5-க்கு மேல் ஏற்றவே கூடாது, டயர் கழன்றுவிடும். விடியலில் 75 ஏற்றிய டயர், பதினோரு மணித் தாரில் 50 டிகிரிக்குச் சூடானால் 82-ஐத் தொடும் என்பதையும் நினைவில் வைத்து ஏற்றுங்கள்.

கருவேல முள்ளுக்கு எந்தத் தடிமனும் முழுக் காப்பல்ல. டயருக்குள் போடும் காப்புப் பட்டை கண்ணாடித் துண்டைத் தடுக்கும், முள்ளைத் தடுக்காது. முள் உள்ளே போய் வெளியே ஒடிந்துவிட்டால் தானே ஓட்டையை அடைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் காற்றை விடும். கழற்றும் முன் டயரில் எந்த எழுத்து வால்வுக்கு நேராக இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். டியூப்பில் காற்றடித்து ஓட்டையைக் கண்டுபிடித்து, அந்த எழுத்துக்கு நேராக டயரோடு வைத்துப் பார்த்தால் முள் இருக்கும் இடம் தெரிந்துவிடும். டயரின் உட்புறத்தைத் துணியால் துடைத்துத் தேடுங்கள், துணி மாட்டும் இடத்தில் முள் இருக்கும். விரலால் தடவினால் விரல்தான் கிழியும். சின்னக் குறடு ஒன்று பையில் இருந்தால் பிடுங்குவது எளிது. டியூப்லெஸ் போட்டவருக்கு இந்த வேலையில் பெரும்பகுதி மிச்சம். 28-க்கு 30–40 மில்லி, 38-க்கு 60 மில்லி சீலண்ட், அதாவது ஓட்டையைத் தானே அடைக்கும் திரவம். நம்மூர்ச் சூட்டில் சீக்கிரம் காய்ந்துவிடும், ஆறு எட்டு வாரத்துக்கு ஒருமுறை சேர்க்க வேண்டும். அப்போதும் ஒரு டியூப் பையில் இருக்கட்டும்.

ஊர்ப் பஞ்சர் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் உள்ள காற்றுக் குழாய் மோட்டார் வண்டி வால்வுக்கானது. ரோடு பைக்கின் மெல்லிய பிரெஸ்டா வால்வில் அது உட்காராது. சுண்டுவிரல் நகம் அளவுள்ள பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே திருகி வைத்துவிட்டால், பம்ப் கெட்டாலும் எந்தக் கடையிலும் காற்றடிக்கலாம். கடைக்காரரிடம் மெதுவாக வைக்கச் சொல்லுங்கள். மெல்லிய டயரில் காற்று சில நொடியில் ஏறிவிடும்.

யாருக்கு எது

25 மி.மீ. ரேஸ் வண்டி என்றால் காவிரிக் கரையோரச் சாலை, வேறு யோசனை வேண்டாம். 28 இருந்தால் அதோடு, செயற்கைக்கோள் படத்தில் பார்த்து உறுதிசெய்த ஊராட்சிச் சாலைகளையும் ஆகஸ்டிலும் நவம்பர், டிசம்பரில் மழை விட்ட நாட்களிலும் சேர்த்துக்கொள்ளலாம். 32-க்கு மேல் போட்டவரும் ஹைப்ரிட் சைக்கிள் வைத்திருப்பவரும் துணைக்கு ஒருவரோடு புதாற்றுக் கரையில் போகலாம். தண்ணீர் ஓடும் ஜூலை முதல் டிசம்பர் வரைதான் அதன் அழகு, மழைக்கு மறுநாள் மட்டும் வேண்டாம். ஆறு பேருக்கு மேல் கூட்டமாகப் போனால் ஒற்றைத் தடச் சாலையைத் தவிர்த்துவிடுங்கள். பின்னால் வரும் பஸ் ஆறு பேரையும் ஒரே மூச்சில் தாண்டப் பார்க்கும். மூன்று மூன்று பேராகப் பிரிந்து, நடுவில் ஒரு பஸ் நுழையும் அளவு இடைவெளி விட்டுப் போகலாம்.

முதல் தடவை போகிறவர் ஐந்தரைக்குத் திருவானைக்காவலில் கிளம்பி, ஆறேகாலுக்குக் கல்லணை, ஏழுக்குத் திருக்காட்டுப்பள்ளி. கடைத்தெருவில் ஒரு டீ, இரண்டு பாட்டிலிலும் தண்ணீர், ஒன்றில் ஓஆர்எஸ். அங்கே நிற்கும்போது பத்து நிமிடம் சாலையை எண்ணிப் பாருங்கள். பைக் தவிர்த்துப் பத்து வண்டிக்குக் குறைவாகப் போனால் நடுக்காவேரி பக்கம் தொடருங்கள். அதற்கு மேல் என்றால் அன்றைக்கு ஏதோ முகூர்த்த நாள், அங்கிருந்தே திரும்பிவிடலாம்.